மஞ்சள் இறங்கிய பிறகு

என் புருஷன் சோலைமலைக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகி, மேலெல்லாம் அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்தார்கள். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி, அது பித்தக் குழாயை நசுக்கிவிட்டது, வெட்டியெடுக்க முடியாது என்று சிங்கள டாக்டர் சொன்னதை நர்ஸ் ஷாமிலா எனக்குத் தமிழில் சொன்னாள். வாய் வழியாகக் கெமரா விட்டு, அடைத்த இடத்தில் ஒரு சின்னக் குழாய் வைப்பார்களாம்.

"அக்கா, இது கட்டியக் கரைக்காது. பித்தம் எறங்க வழி விடும், அவ்வளவுதான். கொஞ்ச மாசத்துல இந்தக் கொழாயும் அடைச்சிக்கும். நடுக்கத்தோட காய்ச்சல் வந்தாலோ, திரும்ப மஞ்சளானாலோ ஒடனே கூட்டிட்டு வாங்க. மாத்தி வைக்கணும்" என்றாள்.

அவரிடம் நான், "பித்தத்துல கல்லு அடைச்சிருக்காம், எடுத்துடுவாங்களாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டிலில் சுருண்டு கிடக்கிற மனுசனிடம் புற்று என்று எந்தப் பொண்டாட்டியால் சொல்ல முடியும்?

குழாய் வைத்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே என் கொழுந்தன், அக்கரப்பத்தனையிலிருந்து கணேசமூர்த்திப் பூசாரியைக் கூட்டிவந்து நிறுத்தினான். காமாலை இறக்குகிறாராம். பூசாரி இவர் கையில் ஏதோ பட்டைச் சாற்றைப் பூசி, மந்திரம் முணுமுணுத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார். தட்டில் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. அந்தச் சாற்றைப் பூசி என் கையைக் கழுவியிருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும்! ஆனால் அந்த வாரமே இவர் கண் வெளுத்தது, அரிப்பு நின்றது. கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் பூசாரி பேச்சுத்தான். ஆஸ்பத்திரிக் குழாயை ஒருத்தரும் நினைக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சில மாதம் கழித்து, மழை பிடித்த ஒரு காலையில் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணைப் பார்த்தேன், மஞ்சள்.

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். கொழாய மாத்தணும்."

"கல்லத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன கொழாய்? தம்பிகிட்ட சொல்லி பூசாரிய வரச் சொல்லு" என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். மனுசன் அசையவில்லை. மறுநாள் பூசாரி தட்டும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் அடுப்பாகக் கொதிக்கிறது, இவர் பச்சைப்பிள்ளை போலக் கையை நீட்டுகிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தட்டைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. உங்களுக்குப் புத்து! இவரு எறக்கல, அந்தக் கொழாய்தான் எறக்குச்சி!"

பூசாரி தட்டைக்கூடப் பொறுக்காமல் போய்விட்டார். இவர் நீட்டிய கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

"கொழாய மாத்துனா பொழைச்சிக்குவேனா?"

"மாட்டீங்க."

"அப்புறம் எதுக்குடி மாத்தணும்?"

"சொறியாம தூங்குறதுக்கு. சோறு எறங்குறதுக்கு. இப்புடிக் காய்ச்சல்ல வெந்து சாகாம இருக்குறதுக்கு. அது போதாதா? எனக்குப் போதும்ங்க!" என்று கத்தினேன்.

கம்பளியை விலக்கிச் சுவெட்டரை எடுக்கச் சொன்னார். டவுனிலிருந்து முஹ்ஸினின் ஆட்டோவை வரவழைத்தேன். நோர்வூட் தாண்டும்போது கேட்டார்.

"இவ்வளவு நாளா இது வேற யாருக்குத் தெரியும்?"

"லயத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எனக்கு மட்டுந்தான்."

"அப்ப நான் தேறிட்டேன்னு ஊரே சந்தோசப்பட்டது நெசம். நீ ஒருத்திதான் பொய்யி."

அடப்பாவி மனுசா, யாருக்காகச் சொன்ன பொய் அது? கேட்க நினைத்தேன். ஆட்டோ குலுங்கியதில் அவர் சாய்ந்தார். தாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

குழாயை மாற்றினார்கள். மறுபடியும் மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. ஷாமிலாவிடம் சிரித்துப் பேசுகிறார். கொழுந்தனோடு பேசுகிறார். என்னிடம்தான் பேச்சில்லை. நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்குகிறார்.