லாபி நிறத்தில் ஒரு வீடு

நஸீமாவின் போன் வந்தபோது வில்சன் தன் வீட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டால் மனிதனுக்குப் பார்க்கக் கிடைப்பது கூரை ஒன்றுதான். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொடுத்தவரின் வீட்டுக் கூரையில் ஓர் ஓரமாக விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ அடுத்த மாதங்களாக அவர் சொல்லி வருகிற விரிசல் அது.

“அண்ணே, மேலப்பாளையத்துலேருந்து நஸீமா பேசுதேன். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“லைட்டு ஏதும் எரியலியாம்மா?”

“எரியுது.”

“செவுத்துல நீர் கோத்திருக்கா?”

“அதெல்லாம் இல்லண்ணே. நீங்க செஞ்ச வேலையில ஒரு குறையும் கிடையாது.”

குறை சொல்லிக் கூப்பிடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இரண்டு ஆணி அடித்து, ஒரு கோட் பூசி, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்துவிடலாம். குறையே இல்லை என்று கூப்பிடுகிறவர்களை என்ன செய்வது?

“போயிட்டு வாங்க,” என்றாள் அவர் மனைவி ஜாய்சி, எழுந்திருக்கக் கை கொடுத்தபடி. “இன்னைக்கு யாருக்கு மண்ணு பூசப் போறிய?”

மண் என்று அவள் சொன்னது மணல் நிறத்தை. வில்சன் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு உள்ளே பச்சை, வெளியே மஞ்சள். அதோடு பேச்சு முடிந்தது. பிறகு ஒரு சுவரை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் அடிக்கிற காலம் வந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் காய்ச்சல்காரர்கள்போல இருந்தார்கள். அப்புறம் சுவரில் அருவி ஒட்டும் காலம். பாபநாசத்தில் நிஜ அருவி விழுந்துகொண்டிருக்க, ஏதோ ஒரு பனி தேசத்து அருவியை அவர் தெருத்தெருவாக ஒட்டினார். பின்னால் சாம்பல் நிறம் வந்து, குடியேறும் முன்பே வீடுகள் துக்க வீடுகளாயின. இப்போது மணல். பெயிண்ட் கம்பெனியின் ஷேட் கார்டில் அதற்கு ஐவரி, லினன், ஓட்ஸ் என்று ஏழெட்டுப் பெயர்கள். உவரியில் பிறந்த வில்சனுக்கு அத்தனையும் ஒன்றுதான். கதவைத் திறந்தால் கடற்கரை வரைக்கும் சும்மா கொட்டிக் கிடந்த நிறம். அதை விற்றுப் பிழைக்க நேரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இப்போது சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் வழக்கம்போல அவருக்காகவே மூடியிருந்தது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் காத்திருந்தபோது அந்த வீட்டை நினைத்துக்கொண்டார்.

நஸீமாவின் கணவர் மீரா முகைதீன் இருபது வருஷத்துக்கு மேலாகத் தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலில் இருந்தார். சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பிவருமுன் வீட்டின் முன்கூடத்தை மாற்றிக் கட்ட வேண்டும் என்று வில்சனைப் பிடித்தார். எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, ஹோட்டல் லாபியின் போட்டோக்களை அனுப்பினார். இதேபோல. இது மாதிரி அல்ல, இதே.

மணல் நிறச் சுவர், அதில் கோடு கோடாகக் குழித்த பலகைகள், பலகைகளுக்கு நடுவே விரல் அகலத்தில் பித்தளைப் பட்டை, எங்கிருந்து எரிகிறது என்று தெரியாத விளக்கு, பால் நிறத்தில் சோபா. வில்சன் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பட்டைகளை எண்ணினார். அத்தனை போட்டோக்களும் ஒரே மூலையிலிருந்து, ஒரே உயரத்தில் எடுக்கப்பட்டிருந்தன. சோபாவில் உட்கார்ந்தபடி எடுத்தது ஒன்றுகூட இல்லை. ‘எதிர்ச்சுவர் எப்படி இருக்குன்னே காட்ட மாட்டேங்காரே’ என்று எரிச்சல்பட்டதோடு சரி. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

நிறம்தான் பாடாய்ப் படுத்தியது. வீடியோ காலில் சுவரைக் காட்டினால், இங்கே மணலாக இருப்பது அங்கே பன்னீர்ரோஜாவாகத் தெரிந்தது. “இதில்லவே, இன்னும் கொஞ்சம் மங்கணும்,” என்பார். மங்கலாக்கினால், “செத்துப் போச்சேவே!” என்பார். அடித்ததையே மறுபடி அடித்து வில்சனின் தோள்பட்டை இறங்கிப்போனது. கடைசியில், விடுப்பில் வந்த ஒருவர் கையில் மீரா முகைதீன் ஒரு சின்ன ஜாம் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். உள்ளே லாபிச் சுவருக்கு அடித்த பெயிண்டின் மிச்சம், அடியில் ஒரு விரற்கடை. அதை வைத்துக் கலந்தபோது நிறம் அச்சாக உட்கார்ந்தது. சூப்பர்வைசர் ஒருவர் பெயிண்ட் டப்பாவின் அடியை வழித்து பாட்டிலில் அடைப்பாரா என்ற கேள்வி அப்போதும் வில்சனுக்கு வரவில்லை. கேள்வி கேட்கும் தெம்பு அவருக்கு நிறம் பிடிபட்ட அன்றே போய்விட்டது.

கேட் திறந்தது.

மீரா முகைதீன் வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, அயர்ன் செய்த கைலி. வில்சனைக் கண்டதும் கதவை முழுக்கத் திறந்துபிடித்து, லேசாகத் தலை சாய்த்து, “வாரும், வாரும்,” என்றார். வில்சன் உள்ளே நுழையும்வரை கதவைப் பிடித்தபடியே நின்றார்.

கூடம் வில்சன் விட்டுப்போனதைவிடச் சுத்தமாக இருந்தது. பித்தளைப் பட்டைகளில் முகம் பார்க்கலாம். திண்டுகள் நான்கும் ஒரே சாய்வில், அளவெடுத்ததுபோல நின்றன. குடியேறி ஒரு மாதம் ஆன வீட்டில் மனிதர்கள் புழங்கிய அடையாளமே இல்லை.

“எப்படிவே? அப்படியே இருக்கா?”

“அப்படியே இருக்கு அண்ணாச்சி.”

“இரியும், இரியும்.”

வில்சன் சோபாவில் அமர்ந்தார். அது ஆளை விழுங்கும் ரகம். முழங்கால் மூக்குக்கு வந்தது. மீரா முகைதீன் மூலையில், கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

“நீங்களும் உக்காருங்க அண்ணாச்சி.”

“இருக்கட்டும்வே. நான் இப்பந்தான் இருந்து எந்திரிச்சேன்.”

உள்ளிருந்து நஸீமா கூப்பிட்டாள். “அண்ணே, இந்தப் பைப்ப ஒரு நிமிசம் வந்து பாருங்களேன்.”

பைப்பில் ஒன்றுமில்லை. பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாயும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. தங்கை மகளுக்கு மறுநாள் கல்யாணம். நஸீமா இடது கையில் அரைத்த மருதாணியை அப்பியிருந்தாள். உள்ளங்கையே பச்சைக் களிம்பாக இருந்தது.

“பாத்தியளா? வந்த நாள்லேருந்து நாங்க இங்கனதான் கெடக்கோம். சாப்பாடு இங்க. பேச்சு இங்க. அவிய அந்த சோபாவுல ஒரு நாள் உக்காரல.”

“புதுசில்லியா, அழுக்காயிரும்னு…”

“அழுக்கா? காலையில எந்திரிச்சதும் துணிய எடுத்துட்டு அந்தப் பித்தளையத் தொடைக்காவ. திண்டத் தட்டி நிமித்தி வைக்காவ. சொந்தக்காரங்க வந்தா கதவத் தெறந்துகிட்டு நிக்காவ. போன வாரம் எங்க ஆசியா உம்மா மாமி வந்துட்டு, ‘என்னடி, உன் மாப்பிள்ள என் கைப்பைய வாங்கி வைக்காரு’ன்னு சிரிக்காவ.” அவள் குரல் இறங்கியது. “அண்ணே, அவிய அங்க சூப்பர்வைசர் இல்ல. அந்தக் கூடத்தத் தொடைக்கிற வேலை. எனக்குப் பத்து வருசமாத் தெரியும். அவியளுக்கு, எனக்குத் தெரியும்னு தெரியாது.”

வில்சன் பாயைப் பார்த்தார். ஒரே மூலையிலிருந்து எடுத்த அத்தனை போட்டோக்களும் அப்போதுதான் அவருக்கு விளங்கின. அந்த மூலையில் நிற்பதுதான் மனிதரின் வேலையாக இருந்திருக்கிறது. தான் எண்ணியெண்ணிப் பதித்த பித்தளைப் பட்டைகளை நினைத்தார். ஒரு மனிதனின் வேலையிடத்தை, ஆணி பிசகாமல், அவன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கிவைத்திருக்கிறார். அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறார். அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் ‘மீரா முகைதீன் வீட்டு மாதிரி’ என்று கேட்டிருக்கிறார்கள்.

“எல்லாத்தையும் கழட்டிருங்கண்ணே,” என்றாள் நஸீமா. “என்ன கலரு வேணும்னாலும் அடிங்க. ராமர் பச்ச, கிளிப் பச்ச, எதுவும். எனக்கு மனுசன் உக்காந்தாப் போதும்.”

வில்சனுக்குச் சோர்வாக இருந்தது. கழற்றுவது பெரிய காரியமில்லை. கட்டச் சொன்னவரிடம் அதை எப்படிச் சொல்வது?

கூடத்துக்குத் திரும்பியபோது, அவர் உட்கார்ந்து எழுந்த பள்ளத்தை மீரா முகைதீன் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். வில்சன் மறுபடி அதிலேயே போய் அமர்ந்தார். நஸீமா உள்வாசல் படியில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன். இந்தக் கலரு இப்பம் கொஞ்சம் பழசாப் போச்சு. மாத்திருவோமா? இப்பம் எல்லாரும் பச்சைக்குத் திரும்பிட்டாங்க.” மனமறிந்த பொய். ஆனால் தொழிலில் சொன்னவற்றோடு ஒப்பிட்டால் இது சின்னப் பொய்.

“நீருதானே இதான் இப்போதைய மோஸ்தர்னீரு?”

“அது போன மாசம்.”

“வேண்டாம்வே. நம்ம தெருவுல இப்படி ஒரு கூடம் உண்டுமா?”

“இல்ல.”

“பொறவு என்ன?” அவர் பலகையின் குழிவில் விரலை ஓட்டினார், தூசி இருக்கிறதா என்று விரலைப் பார்த்தார். பிறகு வில்சனிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார். “அந்த லிஃப்டுப் பக்கத்துல நின்னுதான் பாத்துக்கிட்டே இருப்பேன். பெட்டிய இறக்கி வச்சிட்டு ஒவ்வொருத்தனும் வந்து தொப்புனு உக்காருவான். காலை நீட்டுவான். தூங்குவான்கூட. ஒருநாள் நம்மளும் இப்படி நம்ம வீட்டுல… நேத்து மதியம் யாரும் இல்லாதப்பம் உக்காந்து பாத்தேன்வே. யாரோ வாராப்புல இருந்துச்சு. எந்திரிச்சிட்டேன்.”

வில்சனுக்குத் தெரிந்த வேடிக்கைப் பேச்சு எதுவும் அந்தக் கூடத்துக்குப் பொருந்தவில்லை.

நஸீமா படியிலிருந்து இறங்கி வந்தாள். நேராகச் சுவருக்குப் போனாள். இரண்டு பலகைகளுக்கு நடுவே, விளக்கு வெளிச்சம் அழகாக வழிகிற வெற்றுச் சுவரில், மருதாணிக் கையை விரித்து வைத்து அழுத்தினாள். எடுத்தாள். பச்சையாக ஒரு கை. விரல் நுனிகளிலிருந்து களிம்பு பைய வழிந்தது.

“ஏளா!” மீரா முகைதீன் பாய்ந்தார். இடுப்பிலிருந்து துணி வந்த வேகத்தை வில்சன் பார்த்தார். கைலிக் கட்டுக்குள்ளேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. “என்ன காரியம் செஞ்ச! பைத்தியமா உனக்கு?”

“தொடைக்காதிய.”

“கறை புடிச்சிரும்ளா!”

“புடிக்கட்டும். யாரு வந்து உங்களக் கேக்கப்போறா? சொல்லுங்க. எவன் வருவான்?”

அவர் துணியோடு நின்றார். உண்மையிலேயே யார் வருவார்கள் என்று யோசிப்பவர்போல வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். யாரும் வரவில்லை. தெருவில் ஒரு பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“வில்சன்,” என்றார். “இது போகுமாவே?”

அந்தப் பெயிண்ட் நல்ல பெயிண்ட். ஈரத்துணியால் இப்போதே ஒரு இழுப்பு இழுத்தால் மருதாணி இருந்த இடமே தெரியாது. வாழ்நாள் முழுக்க வில்சன் போகாத கறைகளைப் பார்த்துப் ‘போயிரும் அண்ணாச்சி’ என்று சொல்லி வந்தவர். எண்ணெய்த் தலை சாய்ந்த கறை, மாடியிலிருந்து இறங்கிய நீர்க்கோடு, எல்லாமே போயிரும். போகிற கறையைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

“போகாது அண்ணாச்சி. ஊறிட்டு. இனி என்ன தேய்ச்சாலும் போகாது.”

நஸீமா திரும்பி அவரைப் பார்த்தாள். ஈரத்துணி பட்டால் அது போய்விடும் என்று அவளுக்கும் தெரியும்.

மீரா முகைதீன் துணியை நாலாக மடித்தார். எங்கே வைப்பதென்று தேடினார். சுவரைப் பார்த்தார். போகாத கறை உள்ள சுவர். இனி இந்தக் கூடத்தைச் சுத்தம் என்று சொல்லி யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அவர் தோள்கள் மெல்ல இறங்கின. பிறகு அந்தக் கையில் படாமல் ஓரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து, அப்படியே வழுக்கினாற்போலக் கீழே இறங்கி, அதன் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டார். சோபாவில் இல்லை. ஆனால் கூடத்தில். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை நீட்டினார்.

“பாழாக்கிட்டாவே,” என்றார், குரலில் கோபமில்லாமல்.

“என் கை காயுற வரைக்கும் அங்கனயே இருங்க,” என்றாள் நஸீமா. “என்னால ஒரு வேலையும் செய்ய முடியாது.”

அவர் இன்னொரு காலையும் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

வில்சனின் பையில் போன் அதிர்ந்தது. முக்கூடலிலிருந்து அழைப்பு, அதே மாதிரிக் கூடம் கேட்டவர்களில் ஒருவர். எடுக்கவில்லை. கிளம்ப வேண்டிய நேரம். ஆனால் தான் எழுந்தால், கதவைத் திறந்துவிட அவரும் எழுந்துவிடுவார். வில்சன் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு, அந்தப் பால் நிறச் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.