குஞ்சு பொரிக்கிற மாசம்

அப்பாவின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் தீர்த்தம்மாள். தெருமுனையில் மேளம் ஒருதரம் அதிர்ந்து நின்றது. அவள் கையும் நின்றது. மாசி மாதத்தில் இந்த ஊரில் மேளச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

தம்பி தர்மன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அக்கா, ஆண்டியண்ணன் பாலக்கோட்டுல இருந்து மேளம் கூட்டியாந்திருக்காரு. கூடையில வேட்டும் இருக்குது."

"யாரு வரச்சொன்னது?"

"யாரும் சொல்லல. ஊரே அவரு பின்னால நிக்குது."

பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர் அது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும், உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம். அதனால் ஒரு காலத்தில் ஊரே மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது. குஞ்சுகள் பறக்கும்வரை துப்பாக்கி கூடாது, வேட்டு கூடாது. கல்யாணமானாலும் சாவானாலும் மேளம் கூடாது.

பிறகு மூட்டை உரம் வந்தது. ஏரி மீனை ஏலம் விட்டார்கள். மீன் தின்னும் பறவை ஊருக்கு எதிரியாகிவிட்டது. சத்தியத்தை எல்லாரும் மறந்தார்கள், தீர்த்தம்மாளின் அப்பா மாதையனைத் தவிர. கண்ணி வைத்தவனின் கண்ணியை அறுத்தெறிந்தார். முட்டை எடுக்கப் போனவனை இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்தே ஊரைக் கூட்டினார். போன வருஷம் ஆண்டியின் ஆத்தா ராமக்காள் செத்தபோது, வந்த மேளக்காரர்களை ஏரிக்கரையில் மறித்துத் திருப்பி அனுப்பினார். ஆண்டி அன்றிலிருந்து அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பினான்.

அதற்கும் முன்னால், சொந்த மனைவி செல்லி செத்தபோதும் மாதையன் மேளமில்லாமலே அனுப்பிவைத்தார். தீர்த்தம்மாள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "சத்தியம்னா எல்லாத்துக்கும்தான்" என்று காலை உதறிக்கொண்டார். அன்றோடு அவரிடம் பேச்சை விட்டவள். காய்ச்சலில் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொல்லியும் வரவில்லை. செத்த சேதி வந்த பிறகுதான் புருஷனோடு பஸ் ஏறினாள். முகத்தைப் பார்த்தும் கண்ணில் நீர் வரவில்லை.

"ஊரோட ஒத்துப் போயிடலாம்க்கா" என்றான் தர்மன். "நாளைக்கு நான் இங்கதான பொழைக்கணும்."

அவள் வெளியே வந்தாள். ஆண்டி தெருவில் நின்றிருந்தான்.

"வா தங்கச்சி. உங்கப்பன் பெரிய மனுசன், குறையில்லாம அனுப்பணுமில்ல? ஏரிக்கரை மேல நிறுத்தி அடிச்சு, வேட்டுப் போட்டு அனுப்பறோம். அவன் காவல் காத்ததெல்லாம் அவன் பொணத்துக்கு முன்னாலயே பறந்து போவட்டும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எங்கம்மா செத்தப்ப மேளம் அடிச்சீங்களாண்ணா?" என்றாள் தீர்த்தம்மாள்.

"உங்கப்பன் எங்க வுட்டான்?"

"வுடல. நீங்க எல்லாரும் இதே தெருவுலதான் நின்னீங்க. ஒருத்தர் வாயத் தொறந்து கேட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மாளுக்கு இல்லாத மேளம் இவருக்கு மட்டும் என்னாத்துக்கு? அவள ஊமையா அனுப்புனாரு. இவரும் ஊமையாவே போவட்டும்."

பறவைகளுக்காகக் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தான் ஆண்டி. இதைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. தோள்துண்டை உதறினான்.

"அப்ப பொணத்தையும் நீங்களே தூக்கிக்கங்க."

பாடை கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் கொடுவாளைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

தர்மன் வண்டி பூட்டினான். அவனும் அவள் புருஷனுமாக உடலைத் தூக்கி வைக்கோல் மேல் கிடத்தினார்கள். தெரு நெடுக ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. வண்டிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, மேளத்தைத் தோளில் மாட்டியபடி ஆண்டியின் கூட்டம் வந்தது. அடிக்கவில்லை. வந்துகொண்டே மட்டும் இருந்தது.

ஏரி மதகுக்கு அப்பால் பெண்கள் போகும் வழக்கமில்லை. தீர்த்தம்மாளும் சொந்தக்காரப் பெண்கள் சிலரும் அங்கே நின்றுகொண்டார்கள். வண்டி கரையிறங்கி, இடுகாட்டுப் பாதையில் திரும்பி மறைந்தது.

முதல் வேட்டு அப்போது கரை மேல் வெடித்தது.

"இது எங்காத்தாளுக்குடா!" என்று ஆண்டி தொண்டை கிழியக் கத்தினான். அடுத்த வேட்டு. அடுத்தது. மேளம் சேர்ந்துகொண்டது. ஏரி மொத்தமும் சிறகாகி எழுந்தது. வானம் நிறைந்து, சுழன்று, மலைப்பக்கமாக நகர்ந்தது. ஆண்டி மேளத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

மரங்கள் காலியாக நின்றன. இறகு முளைக்காத குஞ்சுகள் கூடுகளின் விளிம்பில் வாயைத் திறந்து தலையை ஆட்டுவது கரையிலிருந்தே தெரிந்தது. எங்கிருந்தோ காக்கைகள் வந்தன. ஒன்று கூட்டில் இறங்கிக் குனிந்தது.

தீர்த்தம்மாள் மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து வீசினாள். அது பாதி தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று. அதுவும் எட்டவில்லை. "ஏய்... ஏய்..." என்று கத்தினாள். குரல் உடைந்து நீளமாக ஏரி மேல் போனது.

"இப்பத்தான் அழுவறா" என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள். "அழுவட்டும் வுடுங்க."

தீர்த்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் மண்ணை அள்ளித் தண்ணீருக்குள் இறங்கினாள்.