முதல் தரம்

டைல்ஸ் கம்பெனிக் குடும்பத்துக்கு ஒரு கொள்கை உண்டு. தானம் என்றால் முதல் தரம்தான். மூலை உடைந்தது, விற்காமல் கிடந்தது என்று எதையும் அடுத்தவர் தலையில் கட்ட மாட்டார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? அந்த நல்ல மனசு எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பக்கவாதம் வந்தவர்களையும் எலும்பு முறிந்தவர்களையும் திரும்ப நடக்க வைப்பது என் வேலை. எங்கள் பயிற்சிக் கூடத்தின் சிமெண்டுத் தரை அங்கங்கே பெயர்ந்திருந்தது. கம்பெனி முதலாளி வந்து பார்த்து உச்சுக் கொட்டினார். அடுத்த வாரமே சரக்கு வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தால், முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"ஐயா, இது வழுக்கும். பாத்ரூமுக்குன்னு சொரசொரன்னு ஒண்ணு செய்வீங்களே, அது போதும்," என்றேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா பேசுற? பாத்ரூம் டைல்ஸையா தானமா கொடுப்பேன்? ஊரே காறித் துப்பாது?"

அதற்கு மேல் பேசினால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். பதித்து முடித்த புதுத் தரைமேல் பழைய ரப்பர் பாயை விரித்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

அப்போது என்னிடம் ஒரு தையல்காரர் வந்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் வலது கால் இழுத்துக்கொண்டது. அவருடைய மெஷின் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. "நீ படியேறி வர்ற வரைக்கும் உன் இடத்துல யாரையும் உக்கார வைக்க மாட்டேன்," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மனுஷர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். முதலில் கம்பியைப் பிடித்து, பிறகு ஊன்றுகோலோடு, பிறகு அதுவும் இல்லாமல்.

"தங்கச்சி, மாடி ஏறினதும் முதல் சட்டை உனக்குத்தான்."

"முதல்ல நேரா நில்லுங்கண்ணே. அளவு அப்புறம் எடுக்கலாம்."

புதுத் தரையின் திறப்பு விழாவுக்கு வந்த முதலாளியின் மருமகள் பாயைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னங்க இது அசிங்கமா? சுருட்டுங்க."

"எடுத்தா யாராவது விழுந்து வைப்பாங்கம்மா."

"ஒரே ஒரு போட்டோதாங்க!"

பாய் வெளியே போனது. அடுத்து முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. நோயாளி ஒருவர் அந்தத் தரையில் நடந்து வர வேண்டுமாம். முடியவே முடியாது என்று கத்தினேன். அதற்குள் தையல்காரர் எழுந்துவிட்டார்.

"விடும்மா. இவ்வளவு செஞ்சிருக்காங்க. நாலடி நடந்தா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

நடந்தார். கையை நீட்டியபடி ஒட்டிக்கொண்டே நானும் போனேன். விழவில்லை! கூடமே கைதட்டியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மருமகள் கேமராவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மாமா, படம் பூரா இந்தம்மாதான் தெரியுறாங்க, தரையே தெரியல. இவங்க தள்ளி நிக்கட்டும். இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க."

யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் கிளம்பிவிட்டார். பாதி தூரத்தில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது.

குடும்பம் ஓடி ஒளியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர், தனி அறை, ஆபரேஷன், எல்லாம் அவர்கள்தான். முதலாளி கட்டிலருகே உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். இனி நடக்க வழியில்லை என்று டாக்டர் கைவிரித்ததும் ஒரு சக்கர நாற்காலி வரவழைத்தார்கள். அதுவும் முதல் தரம். அதற்கும் ஒரு விழா, அதே கூடத்தில்.

முதலாளி தன் கையாலேயே தள்ளிக் காட்டினார். "பாத்தீங்களா, நம்ம தரையில எப்படி வெண்ணெய் மாதிரி போகுது!"

எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலி என் பக்கத்தில் வந்து நின்றது. தையல்காரர் கேமராவுக்காகச் சிரித்த முகத்தை மாற்றாமலே மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, கடைக்காரர்கிட்ட நீயே சொல்லிடு. என் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."