இரண்டாம் வயலினுக்கு இடம் போட்டாச்சு

1

இந்தக் கதை என் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது. பெற்றது நானில்லை, அவன் மனைவி. பல் டாக்டர். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

"அண்ணி, நீங்க எழுத்தாளர்தானே? உங்க தம்பியைப் பத்தி ஒரு கதை எழுதுங்க. படிச்சாவது திருந்தட்டும்."

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. "தாராளமா எழுது அக்கா. டெம்ப்ளேட்னா என்னன்னு மட்டும் சரியா எழுது."

எழுத உட்கார்ந்தேன்.

"இசை என்பது மௌனத்தின் மடியில்..." (அடித்துவிட்டேன். மௌனத்தில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

"அவன் விரல்கள் கீபோர்டின் மேல் ஒரு..." (பறவை வரவிருந்தது. தப்பித்தீர்கள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் தம்பிக்கு முதன்முறையாக ஒரு படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை அன்றே விட்டான். உடனே டெம்ப்ளேட் போட ஆரம்பித்தான்.

2

டெம்ப்ளேட் என்றால், ஒலிப்பதிவு சாஃப்ட்வேருக்குள் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் முன்கூட்டியே இடம் போட்டு வைப்பது. திறந்ததும் வயலின், புல்லாங்குழல், கொம்பு, முரசு எல்லாம் தயாராக இருக்கும். விரலை வைத்தால் வாசிக்கும். நேரம் மிச்சமாகுமாம்.*

வயலினுக்கு ஒரு வரிசை போட்டால் போதும் என்று நினைத்தேன். முதல் வயலின்கள் தனி, இரண்டாம் வயலின்கள் தனி என்றான். அதில் இழுத்து வாசிப்பது, வெட்டி வாசிப்பது, விரலால் மீட்டுவது, நடுங்க வாசிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. தந்திக்குப் பழுப்பு நிறம், குழலுக்குப் பச்சை, கொம்பு மாதிரிப் பித்தளை வாத்தியங்களுக்கு மஞ்சள். பழுப்பு சரியாக வரவில்லை என்று ஒரு முழு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான்.

கொம்புகள் மேடையின் பின்னால் உட்காருபவை. அதனால் அவற்றின் சத்தம் ஒரு துளி தாமதமாக வர வேண்டும் என்று, இல்லாத ஹாலின் இல்லாத மேடைக்கு எதிரொலி அளந்தான்.

மொத்தத்தில், கல்யாணமே நிச்சயமாகாத வீட்டில் பந்திக்கு இலை போட்டு...

(இந்த உவமையை அவன் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டான். பாதியில் நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.)

* மிச்சமான நேரத்தை அவன் டெம்ப்ளேட்டிலேயே போட்டான்.

3

ஒருநாள் டைரக்டர் வந்தாள். அவனோடு கல்லூரியில் படித்தவள். ஒரு பெண் பஸ் ஓட்டப் பழகுகிறாள், கடைசியில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான் படம்.

சாஃப்ட்வேர் திறக்க நெடுநேரம் ஆனது. "எல்லாரும் வந்து உட்கார்றாங்க," என்றான் தம்பி, பெண் வீட்டார் மாதிரிப் பணிவாக.

உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வாத்தியமாக ஒரே ஒரு சுரம் வாசித்துக் காட்டினான். டைரக்டர் பொறுமையாகக் கேட்டாள்.

"பிரமாதம்டா. ட்யூன் எங்கே?"

"அது இனிமேதான். மொதல்ல ஆளுங்க செட் ஆகணும்ல?"

"அந்தப் பொண்ணு பஸ்ஸை மேட்டுல ஏத்துறா. நின்னுபோகுது. திரும்ப ஸ்டார்ட் பண்றா. அங்க என்ன வரும்?"

"இரண்டாம் வயலின். அதுக்கு இடம் போட்டாச்சு."

"இடம் சரி. என்ன வாசிக்கும்?"

அவன் வண்ணங்களைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

4

இங்கே ஒரு வில்லன் தேவை. 'ரெடிமேட்' என்று ஒருவர் இருக்கிறார். கச்சேரிகளில் கீபோர்ட் வாசிப்பவர். நீங்கள் எந்த மாதிரிப் பாட்டுக் கேட்டாலும், அந்த மாதிரி ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருக்கும். வேறு வழியில்லாமல் டைரக்டர் அவரிடம் போனாள்.

அவரை எழுதும்போது ஒரு தங்கப்பல் வைத்தேன். தம்பி மனைவி உடனே ஆட்சேபித்தாள்: "அவர் என் பேஷன்ட் அண்ணி. சுத்தமான பல்லு." எடுத்துவிட்டேன். பல்லை எடுத்ததும் வில்லத்தனமும் போய்விட்டது. மிஞ்சியது, கதவைத் தட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிற ஒரு சாதாரண மனிதர்.

"பிரதர், கோவிச்சுக்காதீங்க. ட்யூன் என்கிட்ட இருக்கு. வாசிக்க ஆள் இல்ல. உங்ககிட்ட ஆள் இருக்கு."

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தேன். முகம் சிவந்தது. பிறகு, "உங்ககிட்ட இருக்கிற வயலின் சத்தம் கொசு மாதிரி இருக்கும். அந்தப் படத்துக்கு அதைப் போடாதீங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். டெம்ப்ளேட்டையே அவருக்குக் கொடுத்து, மாலைவரை சொல்லிக்கொடுத்தான். கொம்பு ஏன் தாமதமாக வருகிறது என்று ரெடிமேட் உண்மையிலேயே கேட்டார். அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"தன் வேலையை இவ்வளவு சந்தோஷமா தூக்கிக் குடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல அண்ணி," என்றாள் அவன் மனைவி. சிரிக்கவில்லை.

5

படத்தை ஒரு சின்ன அரங்கில் போட்டார்கள். மூவரும் போனோம்.

ட்யூன் சுமார்தான். அதன் அண்ணனையும் அக்காவையும் நான் வேறு இடங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் மேடு வந்தது. பஸ் நின்றது. அந்தப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடியிலிருந்து இரண்டாம் வயலின்கள் நடுங்கிக்கொண்டு எழுந்தன. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

தம்பி அழுதுகொண்டிருந்தான். அவன் மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே எல்லாரும் ரெடிமேட்டுக்குக் கைகொடுத்தார்கள். அவர் கூட்டத்துக்குள்ளிருந்து தம்பியை இழுத்து வந்தார். "இவர்தாங்க அந்த ஹாலையே கட்டினவர்!"

ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "சிவில் இன்ஜினியரா சார்?"

காரை அவன் மனைவி ஓட்டினாள். சிக்னலில் நிறுத்தியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அழுத?"

"அந்த மேட்டுக்கு எனக்கு வேற ட்யூன் இருந்துச்சு."

"எங்க?"

"உள்ளயே. ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்புறம் ஏன் போடல?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"போட்டா... நான் இவ்வளவுதான்னு தெரிஞ்சுடும்ல."

பின்சீட்டில் இருந்த நான் குறிப்பெடுக்கவில்லை. (எடுத்தேன்.)

6

முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அவன் டெம்ப்ளேட் முழுவதையும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். தம்பி படித்தான். "அழிச்சேன்னு எழுதாதே அக்கா. பேக்கப் இருக்கும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

இரண்டு: அவன் மாபெரும் சிம்பொனி எழுதுகிறான், உலகமே எழுந்து நின்று... அவன் மனைவி படித்தாள். "சிரிப்புக் கதைன்னு சொல்லவே இல்லையே."

மூன்றாவது நடந்தது. மறுவாரம் டைரக்டர் அவனைக் கூப்பிட்டாள். அடுத்த படம். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம். "இந்தத் தடவை ட்யூனும் நீதான். கேவலமா இருந்தாலும் பரவால்ல, எனக்கு உன்னோடது வேணும். முடியுமா, முடியாதா?"

அவன் பதில் சொன்னான். அதை இங்கே ஒரு பத்தியாக எழுதியும் வைத்திருந்தேன். நேற்று அவன் வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து, என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "அதை மட்டும் எடுத்துடு அக்கா. இன்னும் பண்ணிட்டிருக்கேன்," என்றான்.

"எதைடா? ட்யூனா, டெம்ப்ளேட்டா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வைத்தேன். எனக்குப் பக்கத்தில் அவன் மனைவியும் வைத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. கீபோர்டின் கட்டைகள் தட்தட்டென்று அழுந்துகிற சத்தம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரே சுரத்தை வெவ்வேறு வாத்தியத்தில் சரிபார்க்கிறவனுக்கும் அந்தத் தட்தட்தான். மேட்டில் நின்ற பஸ்ஸைக் கிளப்புகிறவனுக்கும் அந்தத் தட்தட்தான்.

பாவி, ஹெட்போன் மாட்டியிருக்கிறான். உங்கள் காதில் ஏதாவது விழுந்தால் சொல்லுங்கள்.