மூன்று தடவை கேட்க வேண்டும்

பதினோரு வருடமாக டப்ளினில் திறந்த மாடிப் பேருந்து ஓட்டுகிறேன். ஓட்டுவதும் நான்தான், ஊரைப் பற்றிப் பேசுவதும் நான்தான். கை ஸ்டியரிங்கில், வாய் மைக்கில். ஒரு நாளைக்கு நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே சிலை, அதே பாலம், அதே சிரிப்புக் கதை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காத கூட்டத்தை அடுத்த வேகத்தடையில் கொஞ்சம் தூக்கிப் போடுவேன். அது தற்செயல் என்று மேலதிகாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பெயர் ஃபிடெல்மா. வயது ஐம்பத்து நான்கு. கணவர் ஜெர்ரி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் ஆண்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சாயங்காலம் வண்டியை நிறுத்தி மைக்கை அணைத்ததும், இனி நாளைக் காலை வரை நான் பேசினால் கேட்க ஆளில்லை என்பது நினைவுக்கு வரும். அது வலிக்கத்தான் செய்யும்.

போன மே மாதம், எங்கு வேண்டுமானாலும் ஏறி இறங்கும் மூன்று நாள் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு நெதர்லாந்துக்காரர் என் வண்டியில் ஏறினார். பெயர் ரைந்தர். நெட்டையான ஆள், சாம்பல் நிறக் கோட்டு, ஆரஞ்சு நிறக் குடை. கடல் ஊருக்குள் வராமல் தடுக்கும் கரைகளின் உயரத்தை அளப்பதுதான் அவர் வேலையாக இருந்ததாம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மழை கொட்டினாலும் மாடிக்குத்தான் ஓடுவார்கள். இவர் கீழேயே, என் முதுகுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் நாள் கில்மெய்ன்ஹாம் பழைய சிறையில் இறங்கினார். திரும்பும்போது மற்ற வண்டிகளை விட்டுவிட்டு என் வண்டி வரும்வரை நின்று ஏறினார். இரண்டாம் நாள் எங்கும் இறங்கவே இல்லை. மூன்று சுற்று சும்மா சுற்றினார்.

அவரிடம் ஒரு பழக்கம், நான் சொல்வதையெல்லாம் சரிபார்ப்பார். மெரியன் சதுக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒவ்வொரு நிறம். குடித்துவிட்டு வரும் கணவன்மார் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துவிடாமல் இருக்க மனைவிமார் செய்த ஏற்பாடு என்று நான் அளப்பேன். அது நிஜமா என்று சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார். அடுத்த நிறுத்தம் வரைக்கும் நிஜம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வர அரை நிமிடம் ஆயிற்று; வந்தபோது முழுதாக வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று, மறைப்பானேன்.

லிஃபி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சொல்வதற்கென்று ஒரு டீ கதையும் வைத்திருக்கிறேன். "எங்க ஊர்ல ஒரு வீட்டுக்குப் போனா டீ வேணுமான்னு கேப்பாங்க. வேணாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லணும். மறுபடி கேப்பாங்க. இப்பதான் குடிச்சேன்னு சொல்லணும். மூணாவது தடவையும் கேட்டா, சரி, உங்களுக்காக அரை கப்னு சொல்லணும். முதல் தடவையே தலையாட்டினா, காணாததைக் கண்டவன்னு தெரு முழுக்கப் பேசுவாங்க." இதற்கு எல்லாரும் சிரிப்பார்கள். ரைந்தர் மட்டும் சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்வார்.

மூன்றாம் நாள் மதியம், ஓ'கானல் தெருவில் எனக்குக் கால்மணி நேர இடைவேளை. அவர் இறங்கி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். அளவு சொல்கிறவர் மாதிரி நேராகச் சொன்னார்.

"இன்னிக்கு எட்டு மணிக் கப்பல்ல நான் ஊருக்குப் போறேன். அதுக்கு முன்னாடி, உங்க வேலை முடிஞ்சதும் என்கூட டீ குடிக்க வர்றீங்களா?"

எனக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய், ஐம்பத்து நான்கு வருடமாகச் செய்வதைச் செய்தது.

"ஐயோ, வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்றார். தலையை ஒரு தரம் அசைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் நடந்தார்.

நான் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். 'இப்பதான் குடிச்சேன்' என்பதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மனிதர் அஞ்சல் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

நிறுத்தத்தில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் டெக்கோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஒரு தடவைதான்டா வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

"அவங்க ஊர்ல ஒரு தடவை போதும்மா. வேணாம்னா வேணாம்தான்."

விக்கல் வரும்வரை சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அவன் சிரித்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் தங்கியிருந்த விடுதி எது என்று தெரியாது, தொலைபேசி எண் கிடையாது. இன்னும் நான்கு நிமிடத்தில் நான் வண்டியை எடுத்தாக வேண்டும்.

அந்தச் சுற்றில் கார்க் ஊரிலிருந்து எட்டுப் பெண்கள் ஏறினார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கார்க் ஊர்க்காரர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. தலைநகரம் தங்கள் ஊரில் இருக்க வேண்டியது, யாரோ தவறுதலாக டப்ளினில் வைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. பாலம் வந்தது. வழக்கம்போல டீ கதையைத் தொடங்கினேன். மூன்றாவது தடவைக்குப் போகுமுன் அழுகை வந்துவிட்டது. மைக்கில் என் மூக்குறிஞ்சல்தான் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர்களில் தலைவி மாதிரி இருந்த நுவாலா என்பவள் மாடியிலிருந்து இறங்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தத்துக்குள் முழுக் கதையையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள்.

"வாய்க்கு மட்டும்தான் லைசன்ஸ் வாங்கினியா நீ? எங்க ஊர்ப் பொண்ணா இருந்தா அந்த ஆளோட கோட்டு நுனியையாவது புடிச்சு இழுத்திருப்பா" என்றாள். பிறகு மாடிக்குப் போய் மற்ற ஏழு பேரிடமும் ஒப்பித்தாள்.

அதற்கப்புறம் அந்தப் பெண்கள் ஊரைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுக் குடையைத் தேடினார்கள். பேராலய வாசலில் ஒரு பாதிரியாரை அவரென்று நினைத்து, வண்டியை நிறுத்தும் மணியை அடித்தார்கள். ஃபீனிக்ஸ் பூங்காவில் சாம்பல் நிறத்தில் ஒரு சிலையைக் காட்டி, இவர்தானா என்று கேட்டார்கள். சுற்று முடிந்தது, அவர் எங்குமே இல்லை. இறங்கச் சொன்னால் இறங்க மாட்டோம் என்றார்கள். பீர் ஆலையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார்களாம். ஆலை வாசலைத் தாண்டியபோது ஒருத்திகூட இறங்கவில்லை. கார்க் ஊர்க்காரிகள் எனக்காக அதைச் செய்தார்கள் என்பதை நான் சாகும்வரை மறக்க முடியாது. யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

அடுத்த சுற்றில் மழை விட்டது. மெரியன் சதுக்கத்துக்குள் திரும்பியதும் மாடியில் பதினாறு கால்களும் ஒன்றாகத் தடதடத்தன. எதிர்ச் சாரியில் ரைந்தர். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவுகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் ஆட்கள் இருக்கும்போது ஓட்டுநர் இறங்கக் கூடாது. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை, சாலையில் அன்னம் ஒன்று படுத்துக்கொண்டதற்காக இறங்கியிருக்கிறேன். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து போனேன். மூச்சு வாங்கியது.

"நாலரைக்கு எனக்கு வேலை முடியும். டீ குடிக்கப் போலாமா?"

அவர் குறிப்பேட்டை மூடினார்.

"வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

கேட்டதே தப்பு, போய் வண்டியை எடு என்று மனசு சொன்னது. திரும்பிவிட்டேன். அப்போது நுவாலா மாடியிலிருந்து, சதுக்கம் முழுக்கக் கேட்கும் குரலில், "இன்னொரு தடவை கேளுடி" என்றாள்.

"சிரமம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"இப்பதான் குடிச்சேன்" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. கோட்டுப் பக்கமாகக் கையை வைத்து, எனக்கு மட்டும் தெரியும்படி, இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வாங்க, போலாம்" என்றேன் மூன்றாவது தடவையாக.

"சரி. உங்களுக்காக அரை கப்."

மாடியில் எட்டுப் பேரும் கைதட்டினார்கள். பின்னால் நின்ற டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

நாலரைக்கு மேல், சின்ன டீக்கடையில் உட்கார்ந்து அவர் விளக்கம் சொன்னார். கதவுக் கதை பொய் என்று நானே ஒத்துக்கொண்டதால் டீ கதையும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாராம். பிறகு மனசு கேட்காமல், பூங்காவில் வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் பிஸ்கட் நீட்டிச் சோதித்தாராம். இரண்டு தடவை மறுத்தவர், மூன்றாவது தடவை இரண்டாக எடுத்துக்கொண்டாராம்.

"நீங்க எதைப் பொய்யாச் சொல்வீங்க, எதை நிஜமாச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியல" என்றார்.

எனக்கே தெரியாது என்றேன். முழுக் கோப்பையாக மூன்று குடித்தோம். நான் மைக் இல்லாமல் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பேசினார், மெதுவாக, ஒவ்வொன்றையும் யோசித்து.

ஆறரைக்குத் துறைமுகப் பேருந்து வந்தது. இன்னும் நல்ல வெயில். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த மாசம் மறுபடி வரட்டுமா?"

உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பது உதடு வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். தெரு முழுக்க என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

"வாங்க" என்றேன், முதல் தடவையிலேயே.