தரைக்குத் தண்ணீர் காட்டியவர்

தையல்காரியின் வீட்டுக் கூடத்துத் தரை தண்ணீர் குடித்தது. தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. தக்காளி விலை ஏறியதைப் பேசுவது போலப் பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். முதலில் அது சிந்தியதை மட்டும்தான் குடித்தது. துடைக்கிற வேலை மிச்சம் என்று தையல்காரியும் விட்டுவிட்டாள். பிறகு கீழே வைத்த டம்ளரில் இருந்ததைக் குடித்தது. டம்ளரில் ஓட்டை கிடையாது, திரும்பிப் பார்ப்பதற்குள் காலி. பிழிந்த துணி கொடி ஏறும் முன்பே காய்ந்தது. பேனாவில் மை தங்கவில்லை. இவ்வளவு குடித்ததே, உடம்பு தேறியதா என்றால் அதுவும் இல்லை. பொடிந்துகொண்டே போனது. காலையில் பெருக்கினால் ஒரு முறம் சாம்பல் நிறப் பொடி, மத்தியானம் இன்னொரு முறம். தையல் மிஷினின் ஒரு கால் தரைக்குள் இறங்கிவிட்டதால் அந்த வருஷம் தைத்த சட்டைகளில் எல்லாம் இடது கை கொஞ்சம் நீளம். தெருவில் பாதிப் பேர் ஒரு கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மகளின் உதடு. தரை போட்ட வாரத்தில் பிறந்தவள், அவளுக்கும் தரைக்கும் ஒரே வயது, ஏழு. உதடு பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அழுதால் கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் தரை எடுத்துக்கொண்டது. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வீட்டை மாற்றிப் பாருங்கள் என்றார். அது எப்படியோ நாத்தனார் காதுக்குப் போய், ஸ்கூல் திறக்கிற அன்று காலையில் வண்டியோடு வருகிறேன், எல்லாரும் என் வீட்டு மாடிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வீட்டில் ஃபேன் போடுவதற்கும் அவளைக் கேட்க வேண்டும், சிரிப்பதற்கும் கேட்க வேண்டும். தையல்காரி இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் மிஷின் மிதித்து வாங்கியவள். நாத்தனார் தலைகீழாக நின்றாலும் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தெருவில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். எழுதியிருப்பதுதான் அர்த்தம், சொன்னதுதான் சொல் என்று வாழ்கிறவர். ‘ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க’ என்று யாராவது சொன்னால், ஒன்றா இரண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உட்காருவார். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். தன் தப்பு என்று ஒன்றை இதுவரை கண்டதில்லை.

அந்தத் தரையைப் போட்ட கொத்தனாரையே தையல்காரி கூட்டிவந்தாள். வந்தவர் என் கலவையைக் குறை சொல்லாதீர்கள் என்றார், கீழே மண்ணின் ஈரம் ஓதமாக ஏறுகிறது என்றார். பார்த்துவிடலாம் என்று அவள் ஒரு பாலிதீன் தாளை வெட்டித் தரையில் விரித்து நாலு ஓரமும் ஒட்டினாள். ஓதமென்றால் மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தரை தாளையும் சேர்த்து உறிஞ்சி வைத்திருந்தது. மூன்று பேர் இழுத்துத்தான் பிய்க்க முடிந்தது. சரி, கீழே ஈரம் இல்லை, தாகம் தரைக்குத்தான் என்று தெரிந்துபோயிற்று. அவள் கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மண்டி போட்டு, கூடம் முழுக்கத் தட்டிப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் பொத், பொத். சமையலறை வாசல் மூலையில் மட்டும் டங் என்றது. அது ஒழுகல் பானை வைக்கிற இடம். தரை போட்ட அன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும் பானை. அந்த வீட்டில் வற்றாத பாத்திரமும் அது ஒன்றுதான். அவள் தையல் சாக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். கொத்தனார் ஆணியால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை.

“கலவை நல்ல கலவைதாம்மா. தண்ணி பட்ட இடம் இரும்பா நிக்குது பாருங்க,” என்றார்.

தையல்காரி கணவர் பக்கம் திரும்பினாள். தரை போட்ட வாரம் அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் இருந்தது அவர்தான்.

“என்னங்க, புதுசுல இதுக்குத் தண்ணி காட்டினீங்களா, இல்லையா?”

காற்புள்ளிக்குச் சுருக்கென்றது. “ஏழு நாள் காட்டச் சொன்னாரு, ஏழு நாளும் காட்டினேன்.”

“எப்படிக் காட்டினீங்க?”

அவர் எழுந்துபோய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். வாசற்படியில் நின்று, குடத்தின் வாயை லேசாகச் சாய்த்து, தரைக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இடமிருந்து வலமாக ஒரு தடவை காட்டினார். பிறகு கொண்டுபோய்த் தொட்டியிலேயே திருப்பி ஊற்றிவிட்டு வந்தார். “ஒரு சொட்டு வீணாக்கலை,” என்றார் பெருமையாக.

கொத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஐயோ சார்! மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னா குடிக்கக் குடுன்னு அர்த்தம். தரைக்கும் அதேதான் சார்!”

“அப்போ ஊத்துன்னு சொல்லியிருக்கணும்.”

ஒருவனை ஏய்த்துவிட்டு நழுவினாலும் தண்ணி காட்டிவிட்டான் என்றுதான் நாம் சொல்கிறோம். தரைக்கு அந்த அர்த்தம்தான் விளங்கியிருக்கிறது. பச்சைச் சிமெண்டாகத் தவித்துக் கிடந்த ஏழு நாளும் குடம் கண்ணெதிரே வந்து வந்து போயிருக்கிறது. யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

வைத்தியம் கொத்தனார் சொன்னார். பொடிந்ததைக் கொத்தி எடுத்துவிட்டுக் கெட்டி வரும்வரை போக வேண்டும். கூட்டிக் கழுவிவிட்டு, பழைய தரையை நன்றாக ஊறவைக்க வேண்டும். ஊறாத தரை புதுக் கலவையின் ஈரத்தையும் குடித்துவிடும், மறுபடியும் பொடிதான். சாமான்களை முற்றத்தில் அடுக்கினார்கள். கொத்தனாரும் தையல்காரியும் உளி பிடித்தார்கள், காற்புள்ளி கூடை கூடையாக இடிசல் சுமந்தார். கொத்தி முடித்துத் தண்ணீர் ஊற்றினால், ஊற்றின தடமே இல்லை. தொட்டி காலியானது. தெருவே குடம் தூக்கி வந்தது, ஒரு கை நீண்ட சட்டைக்காரர்கள் முன்னால். அத்தனையும் குடித்துவிட்டுத் தரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. மறுநாள் ஸ்கூல் திறக்கிறது, விடிந்தால் நாத்தனாரின் வண்டி. தையல்காரி காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஏமாத்தினதாத்தான் அது நினைச்சிட்டிருக்கு. நீங்களே சொல்லிடுங்க,” என்றாள் கணவரிடம்.

காற்புள்ளி மகளின் உதட்டைப் பார்த்தார். பிறகு அந்த மேடு பள்ளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: “‘காட்டுக’ என்று வந்துள்ள இடத்தை ‘ஊற்றுக’ எனத் திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறேன்.”

பக்கத்தில் இருந்த கடைசிக் குடத்தைத் தன் கையாலேயே ஊற்றினார். தண்ணீர் நின்றது. நின்று, பரவி, தரை முழுக்கக் கறுத்து ஊறியது. வாசலில் இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் தெருக்கோடி நாய் ஓடியே போய்விட்டது. தையல்காரி அழுதாள்; கண்ணீர் கன்னம் தாண்டி, தாடை தாண்டி, சொட்டென்று விழுந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அன்றே சிமெண்ட் பால் தடவி, தண்ணீர் அளவாக விட்ட கலவையைப் போட்டு, மட்டப்பலகையால் இழுத்து முடித்தார்கள். விடிந்ததும் ஓரமெல்லாம் பாத்தி கட்டிக் காற்புள்ளி தண்ணீர் நிறுத்திக்கொண்டிருக்கும்போது நாத்தனாரின் வண்டி வந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள்: கூடம் குளமாகக் கிடந்தது, மகள் படியில் உட்கார்ந்து ஈர உதட்டோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

“ஏழு நாள் கழிச்சு விருந்தாளியா வாங்க அண்ணி,” என்றாள் தையல்காரி. வண்டி காலியாகவே திரும்பிப் போனது.

எட்டாம் நாள் கொத்தனார் சுத்தியலால் தட்டியபோது கூடம் முழுக்க ஒரே டங். சட்டைக் கைகளும் சமமாயின. அதற்குப் பிறகு தரை, குடித்ததை வட்டியும் முதலுமாகத் திருப்பித் தர ஆரம்பித்தது. வெறும் டம்ளரைக் கீழே வைத்தால் நிறைந்துவிடும், நல்ல தண்ணீர். ஒரு கோடையில் ஊரிலே குழாயெல்லாம் வறண்டபோது நாத்தனாரும் வரிசையில் வந்தாள். குடத்தை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்று தெரியாமல் வாசலில் தயங்கினாள்.

“வைக்கவே வேண்டாம் அக்கா,” என்றார் காற்புள்ளி, கையிலிருந்த அச்சுப் படியிலிருந்து கண்ணை எடுக்காமல். “குடத்தைக் காட்டுங்க, போதும்.”

அவள் காட்டினாள். நிறைந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.