இடது பக்கத்து முகம்

என் அண்ணன் சிற்பி. வேறு நாட்டில் வேலை பார்க்கும் மகளை அவன் நேரில் பார்த்து மூன்று வருஷமாகிறது. அதனால் வீடியோ காலில் தெரிந்த முகத்தையே பிளாஸ்டர் மாவில் ஆளுயரத் தலையாகச் செய்தான். நெற்றியும் மூக்கும் வழவழப்பாக இருக்கும். சிக்னல் போன இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். இந்தக் காலத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான் என்று வருகிறவர்களிடம் அளந்துவிடுவான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் தேய்ந்தது என் கை.

அவள் போனை எப்போதும் ஒருபக்கமாகவே பிடிப்பாள். சேர்த்து வைத்த முந்நூறு படங்களில் ஒன்றில்கூட வலது கன்னம் முழுசாக இல்லை. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. கணினியில் இடது பாதியைப் புரட்டிப்போட்டு வலது பாதி ஆக்கிவிட்டான்.

"என் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்று என் வாயையும் அடைத்தான்.

கண்காட்சித் திறப்புக்கு மகளும் ஊருக்கு வருவதாக இருந்தாள். "இது நான்தான்ப்பா" என்று மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யார் பாராட்டும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. திறப்புக்கு முதல் நாள் காலையில் அவள் விமானம் இறங்கி நேரே பட்டறைக்கு வந்தாள்.

"சித்தப்பா, பயந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினாள்.

வலது பக்கம் உதடு கீழே இழுத்திருந்தது. சிரித்தபோது பாதி முகம் மட்டும் சிரித்தது. அண்ணன் அவளைப் பார்த்தான், உடனே சிலையைப் பார்த்தான். அந்த வேளையிலும் சிலையைப் பார்த்தானே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"முகவாதம்ப்பா. இங்கேருந்து போன கொஞ்ச நாள்லயே வந்துடுச்சு. இதுக்கு மேல சரியாகாதுன்னுட்டாங்க."

"தினமும் பேசினோமேம்மா!"

"பேசினோம். நாடியைத் தூக்கு, வெளிச்சத்துக்கு வான்னு சொல்வீங்க. அந்தப் பக்கம் திரும்புன்னா சிக்னல் இல்லன்னு கட் பண்ணிடுவேன்."

அவள் சிலையைச் சுற்றி வந்து அதன் வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா இது நான் இல்லப்பா."

நான் உளியை எடுத்து நீட்டினேன். "சிலையை ஏத்த லாரி சாயங்காலம்தான் வருது. மாத்திடலாம்ணா."

அண்ணன் வாங்கவில்லை. மாவுத் தூசி படிந்த கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றான்.

"வலிக்குதாம்மா?"

"இப்ப இல்லப்பா" என்றாள். "அப்ப வலிச்சுது."